மர்தூக்கின் முன் அரசன் சொன்னது

நவம்பர் 4, செவ்வாய்

இன்று அட்டை கட்டிய வண்டிகள்: நீலம் பதினொன்று, மஞ்சள் இரண்டு.

பழைய நாகரிகங்கள் பற்றிப் பிரெஞ்சில் நடக்கும் மாலை வகுப்புக்கு இன்றும் கால் மணி நேரம் பிந்திப் போனேன். நான் உள்ளே நுழைந்தபோது ஆசிரியை குழுக்களைப் பிரித்து முடித்திருந்தார். எங்கள் குழுவுக்கு மர்தூக். பாபிலோனின் தலைமைத் தெய்வம். ஆனால் தொடக்கத்திலேயே தலைவர் அல்ல. கடலாக இருந்த தியாமத் மற்றத் தெய்வங்களை அழிக்கப் புறப்பட்டபோது, எதிர்த்துப் போக ஒருவரும் துணியவில்லை. தன்னைத் தலைவனாக்கினால் போவதாக மர்தூக் சொன்னார். ஆக்கினார்கள். அவர் தியாமத்தைக் கொன்று, உடலைக் கருவாடு போல இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக வைத்தார். கருவாடு நான் சேர்த்தது அல்ல. களிமண் பலகையிலேயே காயவைத்த மீன் என்றுதான் இருக்கிறதாம். போன மாதம் அந்தப் பாடம் நடந்தபோது இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்தேன்.

"என்ன மீன் எண்டு கேட்டனீயோ?" என்று அன்றைக்குப் பக்கத்து மேசையிலிருந்து பத்தி அண்ணை கேட்டார். "பாரையோ, கட்டாவோ?"

பத்தி அண்ணை என்கிற பத்திநாதருக்கு ஐம்பத்தாறு வயது. மன்னார்க்காரர். செயின்ட்-மிஷேலில் ஆஸ்பத்திரித் துணிகள் துவைக்கும் லோண்ட்ரி ஒன்றில் நான் வேலை செய்கிறேன். அங்கே அவர்தான் என் மேற்பார்வையாளர். செப்டெம்பரில் முதல் வகுப்பன்று கதவைத் திறந்தபோது அவர் முன்வரிசையில் இருந்தார். இரண்டு பேருக்கும் அது அவ்வளவு பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். வகுப்பில் எங்களைத் தவிர வேறு தமிழர் இல்லை. அவருக்கு வேலை நாலு மணிக்கு முடிந்துவிடும். வில்லரேயிலுள்ள வீட்டுக்குப் போய், குளித்து, சட்டை மாற்றி, காரில் வருவார். எனக்கு ஐந்துக்குத்தான் முடியும். வகுப்பு ஐந்தே முக்காலுக்கு.

குழுவில் மூன்றாவது ஆள் ழில், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். எங்களுக்குக் கிடைத்த வேலை, பாபிலோனின் புத்தாண்டு விழாவின் ஐந்தாம் நாளைப் பதினெட்டாம் திகதி வகுப்பில் நடித்துக்காட்டுவது. அன்று அரசன் மர்தூக்கின் சந்நிதிக்குள் தனியே போக வேண்டும். பூசகர் அவனுடைய செங்கோல், மோதிரம், கிரீடம் எல்லாவற்றையும் வாங்கித் தெய்வத்தின் முன் வைப்பார். பிறகு அரசனைக் கன்னத்தில் அறைவார். காதைப் பிடித்து இழுத்து முழங்காலில் இருத்துவார். அரசன் தான் செய்யாத குற்றங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். உன்னை அசட்டை செய்யவில்லை, பாபிலோனை அழிக்கவில்லை, குடிமக்களைக் கன்னத்தில் அறையவில்லை, சிறுமைப்படுத்தவில்லை. பூசகர் ஆறுதல் சொல்லிக் கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு தரம் அறைவார். அரசனின் கண்ணில் நீர் வந்தால் மர்தூக்குக்குத் திருப்தி. வராவிட்டால் அந்த ஆண்டு ஆபத்து.

பத்தி அண்ணை அரசன். நான் பூசகர். ழில் மர்தூக்.

"எனக்கு வசனம் ஒன்றும் இல்லையா?" என்று ழில் கேட்டார்.

"கடவுள் பேசமாட்டார். பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்," என்றார் ஆசிரியை.

"முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் அதைத்தான் செய்தேன்," என்றார் ழில்.

இடைவேளையில் தாழ்வாரத்தில் ஒரு முறை ஒத்திகை பார்த்தோம். என்னால் பத்தி அண்ணையை அறைய முடியவில்லை. கை அவர் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது.

"என்ன பிள்ளை, இலையான் கலைக்கிறியோ?"

"பேந்து சரியாச் செய்வன், அண்ணை."

"எங்கடை பாவசங்கீர்த்தனத்திலை செய்ததைச் சொல்லோணும். இவர் செய்யாததைச் சொன்னால் காணுமாம். அரசருக்கு எல்லா இடமும் வசதிதான்."

அவர் தன் வசனங்களைத் தாளைப் பார்த்துப் பிரெஞ்சில் வாசித்தார். யாரையும் சிறுமைப்படுத்தவில்லை என்ற இடத்தை ஒரு தடங்கலும் இல்லாமல் தாண்டினார். எனக்கு அக்னெஸ் அக்காவின் நினைவு வந்தது.

அக்னெஸ் அக்கா என்னோடு பகல் வேலையில் இருந்தவர். துவைத்த துணி நிரப்பிய வண்டிகளுக்கு நாங்கள் இருவரும் அட்டை கட்டுவோம். சத்திரசிகிச்சைத் துணிக்கு நீலம், முதியோர் இல்லத் துணிக்கு மஞ்சள். லொறிக்காரர் நிறத்தைப் பார்த்து ஏற்றுவார். ஒக்டோபர் 14 அன்று சத்திரசிகிச்சை வண்டி ஒன்று மஞ்சள் அட்டையோடு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் தாமதமாம். எந்த நிறத்தில் எத்தனை வண்டி என்று அச்சிட்டு வரும் அன்றைய தாளில், சரிபார்த்ததாக அக்னெஸ் அக்காவின் கையெழுத்து இருந்தது. மறுநாள் பத்தி அண்ணை எல்லாரும் பார்க்கத் தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "இது உன்ரை கையெழுத்தோ, இல்லையோ?" என்று கேட்டார். ஓம் என்றதும் மாலை வேலைக்கு மாற்றிவிட்டார். நாலரையிலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை.

அக்னெஸ் அக்காவின் மகள் கிறேஸுக்கு நாலு வயது. பிள்ளையை விடும் காப்பகம், கார்தெரி, ஆறு மணிக்கு மூடும். கணவர் லொறியில் தூர இடங்களுக்குப் போகிறவர். அதனால் பிள்ளை இப்போது கிழமை நாட்களில் ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில், அக்னெஸ் அக்காவின் தங்கை அஞ்சலீனா வீட்டில் இருக்கிறது. தாய் பிள்ளையைக் காண்பது சனி, ஞாயிறு மட்டும்.

நவம்பர் 8, சனி

நாடகத்துக்காகப் பழைய குறிப்புகளைத் தேடினேன். மர்தூக் பாடம் நடந்தது ஒக்டோபர் 14. அதே பக்கத்தின் தலையில், வழக்கம் போல, நான் கட்டிய வண்டிகளின் எண்ணிக்கை இருந்தது.

நீலம் ஒன்பது, மஞ்சள் நான்கு.

அன்றைய தாளில் நீலம் பத்து, மஞ்சள் மூன்று. அந்த எண்களைப் பத்தி அண்ணை எல்லார் முன்னும் உரத்து வாசித்தபடியால் எனக்கு நினைவிருக்கிறது. அன்று அக்னெஸ் அக்கா மடிப்பு மேசையில் நின்றார். நான் போனபின் கடைசி வண்டிக்கு அவர் கட்டியிருப்பார் என்று நினைத்திருந்தேன், ஆனால் ஒன்பதும் நான்கும் பதின்மூன்று, அட்டை எல்லாவற்றையும் கட்டியது நான்தான்.

கையெழுத்து ஏன் அவருடையது என்பதையும் எழுதிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் வகுப்புக்கு நேரத்தோடு போக நாலு நாற்பதுக்கே வெளிக்கிட்டுவிடுவேன். என் தாளில் அக்னெஸ் அக்கா கையெழுத்து வைப்பார். "நீ போ, நான் வைச்சு விடுறன்," என்பார். ஆறு செவ்வாய் அப்படிப் போனேன். பத்தும் மூன்றும் என்று அச்சிட்டிருந்த தாளில், என்னை நம்பி, எண்ணாமல் வைத்திருக்கிறார்.

என்னிடம் அவர் பிறகு சொன்னது: "நானும் ஒருக்கா எண்ணிப் பாத்திருக்கோணும். என்ரை பிழைதான்." நான் தலையாட்டினேன். அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஒருவேளை கொப்பியில் எழுதியபோது எண் மாறியிருக்கலாம். பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு எழுதியது. சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம். இந்த முறை அது வசதியாகவும் இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "வேலையிலை ஒரு பிழை விட்டிட்டன், ஃபாதர். அதாலை வேறை ஆளுக்குக் கொஞ்சம் கரைச்சல்," என்றேன். வண்டி, அட்டை, கையெழுத்து, கிறேஸ் ஒன்றையும் சொல்லவில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் சொன்ன அளவுக்கு அது சரியான தண்டனைதான்.

நவம்பர் 11, செவ்வாய்

நீலம் ஒன்பது, மஞ்சள் மூன்று. மூன்று தரம் எண்ணினேன்.

நாலரைக்கு அக்னெஸ் அக்கா வந்தார். கைபேசியில் ஒரு படம் காட்டினார். கிறேஸ் அஞ்சலீனா வீட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தது.

"தங்கச்சியை இப்ப அம்மா எண்டு கூப்பிடுதாம். அவள் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறாள்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"நானும் சிரிச்சன். வேறை என்ன செய்யிறது."

வகுப்பு முடிந்தபின் பத்தி அண்ணையிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். நேரத்துக்கு முன் வேலையை விட்டுப் போனது தெரிந்தால் என்னை நிறுத்தலாம். எனக்காகக் கையெழுத்து வைத்தது தெரிந்தால் அக்னெஸ் அக்காவையும் நிறுத்தலாம். ஆகவே சொல்லாமல் இருப்பது அவருக்கும் நல்லது என்று ஒரு நியாயம். இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது எனக்கு லாபம் அதிகமாகத் தெரிந்தது. அதனால் அந்த நியாயத்தை விட்டேன்.

"அண்ணை, வேலை விசயமா ஒண்டு கதைக்கோணும்."

"வேலை விசயம் வேலையிலை." சட்டைப்பைக்குள் காரின் திறப்பைத் தேடிக்கொண்டே என் கொப்பியைப் பார்த்தார். "எந்த நேரமும் என்ன எழுதுறாய்? என்ரை பேரும் உதுக்கை இருக்கோ?"

"இல்லை," என்றேன். அது பொய்.

நவம்பர் 18, செவ்வாய்

பத்தி அண்ணை இன்று வேலைக்கு வரவில்லை. வகுப்புக்குத் தாடையில் கையை வைத்தபடி வந்தார். இடது கன்னம் பணிஸ் போல வீங்கியிருந்தது.

"கடைவாய்ப் பல்லுப் புடுங்கினது. இந்தப் பக்கம் காத்துப் பட்டாலே நான் அழுவன்."

"மிக நல்லது," என்றார் ழில். "தெய்வத்துக்கு அதுதானே வேண்டும்?"

ஆசிரியை சம்மதிக்கவில்லை. பாத்திரங்களை மாற்றச் சொன்னார். பூசகருக்கு வசனம் குறைவு, பாதி வாயாலும் சொல்லிவிடலாம். அரசனின் வசனங்கள் எனக்குப் பாடம், எல்லாருடைய வசனங்களையும் பாடமாக்கியிருந்தேன். ஆகவே நான் அரசன் ஆனேன்.

ழில் மேசை மேல் கதிரை வைத்து ஏறி இருந்தார். மடியில், அட்டையில் வெட்டிய, மர்தூக்கின் வாகனமான நாகம். ஜனவரியில் மூவரசர் திருநாளுக்கு வாங்கிய கேக்கோடு வந்த தங்கத்தாள் கிரீடத்தை அவர் வீட்டில் வைத்திருந்தார், அதுதான் எனக்கு. செங்கோலுக்கு எங்கள் வீட்டு அகப்பை.

பத்தி அண்ணை ஒவ்வொன்றாக வாங்கி ழிலின் காலடியில் வைத்தார். கன்னத்தில் தட்டினார். மெதுவாகத்தான் பட்டது. காதைத் தொட்டார். நான் முழங்காலில் இருந்தேன். உன்னை அசட்டை செய்யவில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். பாபிலோனை அழிக்கவில்லை. குடிமக்களைக் கன்னத்தில் அறையவில்லை. அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தேன். வசனம் மறக்கவில்லை. இப்போதும் எழுதிக் காட்டுவேன். ஆனால் அதைச் சொல்லவில்லை.

"பத்தி அண்ணை, அக்னெஸ் அக்கா பிழை விடேல்லை. அந்த மஞ்சள் அட்டை நான்தான் கட்டினது."

அவர் குனிந்து பார்த்தார். "எந்த மஞ்சள்?"

"ஒக்டோபர் பதின்நாலு. ஒப்பரேசன் தியேட்டர் வண்டி."

"தாளிலை அவளின்ரை கையெழுத்தெல்லோ கிடந்தது."

"நான் செவ்வாய்க்கிழமையளிலை நாலு நாப்பதுக்கு வெளிக்கிட்டிடுவன். இஞ்சை வாறதுக்கு. அவ எனக்காக வைச்சவ."

"எத்தினை செவ்வாய்?"

"ஆறு."

"அதுதான் அப்ப நேரத்துக்கு வந்தனீ. இப்ப பிந்தி வாறாய்." வீங்கிய வாயால் அவருக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வந்தன. "உது நாடகமோ, உண்மையோ?"

"உண்மை."

 வகுப்பில் மற்றப் பதினான்கு பேரில் ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கியிருக்காது. ஆசிரியை பேனையைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தி அண்ணை ழிலை அண்ணாந்து பார்த்தார். ழில், ஆசிரியை சொல்லிக்கொடுத்தபடி, பின்சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

பத்தி அண்ணை தாளை எடுத்துத் தன் வசனத்தைப் பிரெஞ்சில் வாசித்தார். பயப்படாதே, அவர் உன் மன்றாட்டைக் கேட்டார். கிரீடத்தை என் தலையில் வைத்தார். அது ஒரு பக்கம் சரிந்தது. பிறகு இரண்டாவது அறைக்காகக் கையைத் தூக்கினார். நான் கண்ணை மூடினேன். ஒன்றும் விழவில்லை. திறந்து பார்த்தபோது அவர் தன் மேசைக்குப் போய் இருந்துவிட்டிருந்தார்.

கைதட்டினார்கள். ஆசிரியை தந்தது இருபதுக்குப் பதினாறு. கோயிலுக்குள் நடந்ததை வெளியே நின்றவர்கள் எவ்வளவு விளங்கியிருப்பார்கள் என்பதை அந்தத் தமிழ்ப் பகுதி நன்றாக உணர்த்தியதாம். இரண்டாவது அறையை விட்டதற்கு இரண்டு புள்ளி குறைவு. மற்ற இரண்டும் எதற்கு என்று கேட்கவில்லை.

"கண்ணீரும் வரவில்லை," என்றார் ழில், மேசையிலிருந்து இறங்கியபடி. "இந்த வருடம் கவனமாக இரு."

உண்மைதான், வரவில்லை. வர வேண்டும் என்றும் தோன்றவில்லை. அது சரியா என்று தெரியவில்லை.

மேலங்கி கொழுவும் இடத்தில் பத்தி அண்ணை என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கு எட்டேகாலுக்கு ஒஃபீசுக்கு வா. அந்தக் கொப்பியையும் கொண்டு வா."

நவம்பர் 19, புதன்

பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். கண்ணாடி போட்டு வாசித்தார். நீலம் ஒன்பது, மஞ்சள் நான்கு. அலுமாரியிலிருந்து அன்றைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அத்தோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். பக்கம் முழுவதையும் வாசித்தார். மர்தூக் குறிப்புகளுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: பத்தி அண்ணை கேள்வி கேட்கிறார், ஆனால் பதிலை முதலே முடிவு செய்துவிடுகிறார்.

"உது நானோ?"

"ஓம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது.

"அவளிட்டை நான் கையெழுத்தைத்தான் கேட்டனான். அட்டையை ஆர் கட்டினதெண்டு கேக்கேல்லை," என்றார். பிறகு கொப்பியை என் பக்கம் தள்ளினார். "உன்னை நிப்பாட்டினால் பேந்து ஆளெடுக்க ஒரு மாதம் செல்லும். அதாலை நிப்பாட்டேல்லை. வேறை ஒண்டும் நினையாதை."

திங்கட்கிழமையிலிருந்து அக்னெஸ் அக்கா பகலுக்கு. நான் மாலைக்கு. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், எண்ணாமல் கையெழுத்து வைத்ததற்கு அக்னெஸ் அக்காவுக்கும் ஒன்று. இனி ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு கையெழுத்து: முடித்துப் போகிறவர் ஒன்று, பொறுப்பெடுக்கிறவர் ஒன்று.

"அப்ப வகுப்பு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ தெரியாது.

"நாலரையிலை இருந்து வேலை எண்டால் எப்பிடி வகுப்பு?" என்றார்.

வகுப்பு இன்னும் நான்கு இருக்கிறது. கடைசிச் சோதனை எழுதாவிட்டால் சித்தி கிடையாது.

வேலை முடியும்வரை பொறுக்கவில்லை. அக்னெஸ் அக்கா நாலரைக்கு வந்தபோது, உடுப்பு மாற்றும் அறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு சப்பாத்துக் கையில் இருந்தது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"எட்டாம் திகதி."

"இண்டைக்குப் பத்தொன்பது."

"ஓம்."

"பதினொரு நாள், ஜொய்சி. என்ரை பிள்ளை புரோசார்ட்டிலை நித்திரை கொண்டுது. நீ இஞ்சை கொப்பியிலை எழுதிக்கொண்டிருந்தனீயோ?"

மன்னிப்புக் கேட்டேன். சப்பாத்தைப் பெட்டிக்குள் வைத்துச் சாத்தினார்.

"எனக்குக் கடிதம் வேறை தாறானாம்," என்றார். 

நவம்பர் 24, திங்கள்

நாலரைக்கு வேலைக்குப் போனேன். காலையிலிருந்து பனி கொட்டியிருந்தது. ஐந்து மணிக்கு அக்னெஸ் அக்கா தாளைக் கொண்டுவந்தார். நீலம் பதினொன்று, மஞ்சள் நான்கு என்று அச்சிட்டிருந்தது. மேலங்கியைப் போட்டுக்கொண்டே வந்தார். ஐந்து பத்து பஸ்ஸை விட்டால் அடுத்ததில் கார்தெரிக்கு ஆறுக்கு முதல் போய்ச் சேர முடியாது. அது எனக்கும் தெரியும்.

"நீங்கள் வைச்சிட்டு ஓடுங்கோ, அக்கா. நான் எண்ணி வைக்கிறன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அது எவ்வளவு பிழையான சொல் என்று விளங்கியது.

"எண்ணு," என்றார்.

இருவரும் சேர்ந்து எண்ணினோம். அவர் ஒரு கரையிலிருந்து, நான் மறுகரையிலிருந்து. ஒவ்வொரு அட்டையையும் தொட்டு, உள்ளே இருந்த துணியோடு ஒப்பிட்டு. என் பக்கம் ஆறு நீலம், இரண்டு மஞ்சள். அவர் பக்கம் ஐந்து நீலம், இரண்டு மஞ்சள். அவர் கையெழுத்து வைத்து, பேனையை என்னிடம் தராமல் மேசையில் வைத்தார். நான் அதை எடுத்துக் கீழே என் கையெழுத்தை வைத்தேன். நேரம் ஐந்து ஆறு. அவர் ஓடினார். யன்னலால் பார்த்தேன். பஸ் தரிப்பு அங்கிருந்து தெரியாது.

வண்டிகளை லொறி வாசலுக்குத் தள்ளினேன். ஆறு பத்துக்குக் கைபேசி அதிர்ந்தது. அக்னெஸ் அக்காவிடமிருந்து, பஸ்ஸைப் பற்றி ஒரே ஒரு சொல்.

"பிடிச்சிட்டன்."

நாளைக்குச் செவ்வாய், வகுப்பு நாள்.